மேல் பொத்தான்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பேசும்போது மேசைமேல் கிடக்கும் இந்தத் துணியை நீவிக்கொண்டே இருந்தால் தப்பாக நினைக்காதீர்கள். சலவைக்கடையில் இஸ்திரி போட்ட கை. சுருக்கத்தைக் கண்டால் நிற்காது.

தம்பியைப் பற்றித்தானே கேட்டீர்கள்? மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். கடுகளவு திருகாணியையும் விரல் நுனியில் நிறுத்துவான். முப்பது வயதில் முடக்குவாதம் வந்தது. காலையில் விரல் மடங்காது, வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வான். அம்மா அப்பா இல்லாத வீடு. நான் வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டேன். அரசாங்கம் அவனுக்கு உதவித்தொகை கொடுத்தது, துணையாள் என்று எனக்கும் மாதாமாதம் ஒரு படித்தொகை கொடுத்தது.

இந்த நோயின் கூத்து உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் படுத்த படுக்கையாகக் கிடப்பான், மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நடப்பான். உதவித்தொகைக்கோ வருடாவருடம் மறுபரிசோதனை. டாக்டர் வீட்டுக்கே வந்து, சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லிப் பார்ப்பார். முதல் தடவை நாங்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். பெரிய மனிதர் வருகிறாரே என்று நான் அவனுக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்து உட்காரவைத்தேன். அவர் உள்ளே வந்ததும் தம்பி மரியாதைக்கு எழுந்து நின்றான். நின்றதோடு விட்டானா? சமையலறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டான்.

"பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கீங்க," என்றார் டாக்டர்.

"எல்லாம் அக்கா புண்ணியம் சார்," என்றான் அந்த மடையன்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். தொகை நின்றுபோனது. மறுநாளே அவனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அதை யார் வந்து பார்த்தார்கள்? அலுவலகம் அலுவலகமாக அலைந்து திரும்ப வாங்குவதற்குள் வாடகை பாக்கி என்று வீட்டுக்காரர் எங்கள் சாமான்களை வாசலில் வைத்துவிட்டார். அந்த அவமானத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. நோய் பொய்யில்லை. அது அவர்கள் வரும் நாளில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அதனால் அடுத்த பரிசோதனைக்கு முந்தைய வாரம் மாத்திரையை நிறுத்தினேன். டப்பாவில் அதே நிறத்துச் சத்து மாத்திரையைப் போட்டுவைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குப் பொய் வராது, டாக்டரிடம் உளறிவிடுவான். டாக்டர் வந்தபோது மேல் பொத்தானோடு அப்படி மல்லாடினான், நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. "போதும், விடுங்க," என்று அவரே சொன்னார். எனக்கு அழுகை வந்தது. உண்மையான அழுகை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமலும் வருவார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அன்றோடு என் நிம்மதி போயிற்று. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பேன், பால் பொங்கி வழியும். வெள்ளம் வரும் முன்பே அணை போட வேண்டியதுதானே? மாதத்தில் பாதி நாள் அவனுக்குச் சத்து மாத்திரைதான்.

காலம் அப்படியே ஓடியிருக்கும். புது மருந்து வந்து கெடுத்தது. பாதி நாள் கொடுத்தும் அது வேலை செய்தது. தம்பி தன் தட்டைத் தானே கழுவினான், பாட்டில் மூடியைத் திறந்தான், சீட்டியடித்தான். ஒருநாள் கண்ணாடிக்கடை முதலாளி வந்து, "உன் சீட்டு அப்படியே கெடக்குப்பா, வந்து உக்காரு," என்றார். அவர் போனதும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் நல்ல பலம் இருந்தது.

"தனியா ஒரு ரூம் பாத்துக்கறேன்க்கா. எனக்காக நீங்க பட்டது போதும். இனிமேலாவது சும்மா உக்காந்து ஓய்வெடுங்க."

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்று முதலிலேயே சொன்னேன்.

அவன் நல்லதுக்குத்தான் யோசித்தேன். வேலைக்குப் போய், மறுபடி விழுந்தால்? விட்ட தொகை திரும்ப வருமா? அன்றிலிருந்து புது மருந்து ஒன்றுகூட அவன் வாய்க்குப் போகவில்லை. எல்லாவற்றையும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சத்து மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் என் கையால் கொடுத்தேன். சீட்டியடிப்பது முதலில் நின்றது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகக் கோணிக்கொண்டன. குளிர்காலம் முடிவதற்குள் இரண்டு கையும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. டாக்டர் பார்த்தார், இனி மறுபரிசோதனை வேண்டாம், தொகை நிரந்தரம் என்று எழுதிக்கொடுத்தார். அன்று ராத்திரிதான் பல வருடம் கழித்து அசந்து தூங்கினேன்.

புதிதாக வந்த நர்ஸ் ரத்தம் எடுத்துப் பார்த்து, மருந்தின் சுவடே இல்லை என்று சொல்லப்போய்த்தானே என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள்? அவனிடமும் விசாரித்தீர்களாம். "அக்கா ஒரு வேளைகூடத் தவறுனதில்ல சார், மருந்துலதான் ஏதோ கோளாறு," என்று உங்களிடமே சண்டைக்கு வந்தானாம். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆமாம், நான்தான் செய்தேன். மருந்தை நிறுத்தி அவன் கையை முடக்கியது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அவனைப் பார்த்துக்கொள்ள அந்த நர்ஸையே அனுப்பியிருக்கிறீர்களாமே, அது வேண்டாம். மேல் பொத்தானைப் போடும்போது அவன் தாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். அந்தப் பக்குவம் அவளுக்குத் தெரியாது. சீக்கிரம் முடித்து என்னை வீட்டுக்கு அனுப்புங்கள். நான் இல்லாமல் அவன் என்ன செய்வான், பாவம், கை விளங்காத பிள்ளை.