தூக்குற கை

— மாடிப்படியில விழுந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கியே அக்கா, இந்த வீட்டுல மாடி எங்க இருக்கு?

— மெல்ல பேசுடி. கதவு தொறந்திருக்கு. புள்ள உள்ள வேலையில இருக்கான், போன்ல கஸ்டமர் எவனோ கத்திக்கிட்டிருக்கான்.

— பெட்ஷீட்ட பிழியறப்ப மணிக்கட்டு ஒடிஞ்சுதுன்னு உள்ளத சொல்ல வேண்டியதுதானே?

— எப்படிச் சொல்ல? துணி பிழிஞ்சு கைய ஒடிச்சுக்கிட்டவளாம்னு ஆஸ்பத்திரியே சிரிக்கும்.

— யாரும் சிரிக்கல. நான் போயி டாக்டர்கிட்ட உண்மைய சொல்லிட்டேன். அவர் முகமே மாறிப்போச்சு. முதல்ல எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கன்னாரு.

— உன்ன யாரு போயி சொல்லச் சொன்னா? என்னமோ போ, எல்லாத்துலயும் மூக்க நுழைக்கணும் உனக்கு.

— கேளு. நான் ஸ்கேன் சென்டர்ல டோக்கன் குடுக்கறவதான். ஆனா கண்ணு இருக்குல்ல. தும்மினதுக்கே முதுகெலும்பு நசுங்கிப்போயி வர்றாங்கக்கா. உள்ளுக்குள்ள பொத்தலாயிடும், வெளிய ஒண்ணும் தெரியாது. உனக்கு நாப்பதுலயே தீட்டு நின்னு போச்சு. இத்தன வருஷத்துல எலும்பு என்ன கதியில இருக்கோ.

— எனக்கு ஒண்ணுமில்ல. காலையிலகூட அவன தூக்கி சேர்ல உக்கார வச்சேன்.

— மாவுக்கட்டோடயா?

— கட்டு கையிலதானே? முதுகுலயா போட்டிருக்கு? பழைய பெட்ஷீட்ட நீளமா கிழிச்சு அவன் இடுப்ப சுத்திக் கட்டினேன். இன்னொரு முனைய என் தோள்ல மாட்டிக்கிட்டேன். அவன் என் கழுத்தப் பிடிச்சுக்குவான், நான் மூச்சப் பிடிச்சுக்குவேன். ஒரே தம்மு, சேர்ல உக்காந்துடுவான்.

— நீ என்ன கிரேனா?

— கிரேனுக்கு டீசல் ஊத்தணும். எனக்கு ஒரு டம்ளர் டீ போதும்.

— சிரிக்காதக்கா, எனக்கு எரிச்சலா வருது. சின்ன வயசுலருந்து நான் உன்ன நிமிந்துதான் பாப்பேன். இப்ப கண்ணுக்குக் கண்ணு நேரா பாக்கறோம். கவனிச்சியா?

— நீ வளந்திருப்ப.

— அம்பது வயசுலயா?

— சரி, நான்தான் குறுகிட்டேன். அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?

— இன்னிக்கு சாயங்காலம் உன் பேர பதிஞ்சு வச்சிருக்கேன். கூட வா.

— டெஸ்ட் எடுத்தா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். குனியாத, கனம் தூக்காதம்பாங்க. நான் தூக்கலன்னா அவன் எங்கடி போவான்? இருபத்தாறு வயசு ஆம்பள. பொறந்ததுலருந்து அந்தக் காலு ரெண்டும் ஒரு அடி வச்சதில்ல. அவங்கப்பா இருந்தாலாவது ஒரு பக்கம் பிடிப்பாரு.

— ஆள் போடலாம்.

— போட்டோமே, மறந்துட்டியா? முதல்ல வந்தவன் ஒரே வாரத்துல ஓடிட்டான். அடுத்தவன் அவன கக்கூஸ்ல உக்கார வச்சுட்டு தெருமுனைக்குப் பேசப் போயிட்டான். நான் கடையிலருந்து வர்ற வரைக்கும் புள்ள அங்கயே கிடந்தான். குளிர்ல உடம்பு வெடவெடன்னு ஆடுது, ஒரு வார்த்த திட்டல.

— நடக்க முடியாதவங்கள பாத்துக்கற இல்லத்துல கொஞ்ச நாள் விடலாம். உனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனப்ப இருந்தானே. நல்லாத்தான் இருந்துச்சுன்னு அவனே சொன்னான்.

— சொன்னான். வீட்டுக்கு வந்தன்னிக்கு நான் துணி மாத்திவிட்டேன். இடுப்புக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. நல்லாத்தான் இருந்துச்சாம்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீ ஒப்பாரி வைப்ப. தையல் போட்ட வயித்தோட உன்ன யாரு தேத்தறது?

— இது வேற இடம்க்கா. சுத்தமா இருக்கு. நான் நேர்ல போயி பாத்துட்டு வந்தேன்.

— பாத்துட்டே வந்துட்டியா? டெஸ்டுக்கு முன்னாலயே என் புள்ளைக்கு இடம் பிடிச்சாச்சா?

— கோவப்படாத, கேளு. நல்லா வந்தா எதுவுமே வேணாம். மோசமா வந்தாலும் மருந்து இருக்கு. அது வரைக்கும் நீ தூக்காம இருக்கணும், அவ்வளவுதான். டெஸ்டும் எடுக்காம, அவன தூக்கறப்பவே உன் இடுப்பு ஒடிஞ்சுதுன்னு வையி. நீ கீழ கிடப்ப, அவன் உன் மேல கிடப்பான். உங்க ரெண்டு பேரையும் யாரு வந்து தூக்குவா?

— அத நெனைக்காத நாளில்லடி. சில நாள் அவன உக்கார வச்சுட்டு பாத்ரூமுக்குள்ள போயி குழாயத் தொறந்து விட்டுடுவேன். வலி அடங்கற வரைக்கும் சுவரப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். குளிக்கறேன்னு நெனச்சுக்குவான்.

— அப்ப வாக்கா. உன் கால்ல வேணா விழறேன். எனக்கும் நீ ஒருத்திதான் இருக்க.

— அழாத. உன் கண்ணீரப் பாத்தா எனக்கும் வரும். சரி, வர்றேன்.

— நெசமாவா?

— நெசமாத்தான். ஆனா அவன்கிட்ட சொல்லாத. கட்டு மாத்தப் போறோம்னு சொல்லிக்கலாம்.

— ஏன்? தங்கமான புள்ள. விஷயம் தெரிஞ்சா அவனே உன்ன பிடிச்சுத் தள்ளுவான்.

— அதுக்குத்தான் சொல்றேன். போயிட்டு வாம்மா, நான் எங்க வேணா இருந்துக்கறேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வான். அந்தச் சிரிப்ப என்னால தாங்க முடியாது.

— சித்தி, அம்மாவ கூட்டிக்கிட்டு உள்ள வாங்க. கஸ்டமர் லைன வச்சு ரொம்ப நேரமாச்சு. எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

— போச்சு. எல்லாம் உன்னாலதான்.

— நல்லதாப் போச்சுன்னு சொல்லுக்கா. தம்பி, நீயே சொல்லு உங்கம்மாகிட்ட.

— சொல்றேன் சித்தி. நாள் முழுக்க ஊரான் கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றேன், இப்ப நான் கேக்கறேன். வலிக்குமா?

— துளியும் வலிக்காது. மல்லாந்து படுத்தா போதும், மிஷின் பாத்துக்கும்.

— மோசமா வந்தா?

— மருந்து இருக்கு தம்பி, மாத்திர, ஊசின்னு…

— அது காதுல விழுந்துச்சு. என்ன தூக்கலாமா, கூடாதா?

— கூடாதுன்னுதான் சொல்வாங்க.

— நீங்க பாத்த இடத்துல ராத்திரி கூப்பிட்டா யாராவது வருவாங்களா?

— வருவாங்க. கட்டிலுக்குக் கட்டில் பெல் இருக்கு.

— நான் முன்ன இருந்த இடத்துலயும் பெல் இருந்துச்சு சித்தி.

— நீ ஒண்ணும் பேசாத ராசா. உன் மனசு எனக்குத் தெரியும். எதுவானாலும் நான் போயிட்டு வந்து பேசறேன்.

— தெரியாதும்மா. நீ நெனைக்கற மாதிரி சிரிச்சுக்கிட்டே அனுப்பி வைக்கணும்னுதான் நானும் பாக்கறேன். வாய் வரமாட்டேங்குது.

— அழுறியாடா?

— எலும்பு எப்படி இருக்குன்னு எனக்கு மிஷின் சொல்ல வேணாம்மா. நீ தூக்கறப்பல்லாம் என் காது உன் முதுகுலதானே இருக்கு, உள்ள நெரியற சத்தம் எனக்குத்தான் முதல்ல கேக்குது. கேட்டுக்கிட்டேதான் தினமும் உன் கழுத்தப் பிடிச்சுக்கறேன். போகாதம்மா. ஒடியறப்ப பாத்துக்கலாம்.