மூன்றாவது கோட்டுக்கு இருபது நிமிடம்

"மூணாவது கோடு வந்துச்சாம்மா?"

"வரலக்கா."

"எத்தனை நிமிஷத்துல வரல?"

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நம் ஆய்வகத்தின் ஜன்னலோர மேசையில் நடந்த பேச்சு இது. கடைசிக் கேள்விக்கு அன்று பதில் வரவில்லை. அதைக் கேட்டவருக்கு விடைகொடுக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்டுசொல்லும் கூர்மையும், காணாததை இல்லையென்று அடித்துச் சொல்லாத கண்ணியமும் ஒருங்கே கொண்ட எங்கள் அன்பு அக்கா அவர்களே! முப்பத்தொரு ஆண்டுகள் இந்த ஆய்வகத்தின் கதவைத் திறந்தவரே, பூட்டிய பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்த்தவரே! வணக்கம்.

இன்ஃப்ளூயன்சா சோதனைப் பட்டையில் முதல் கோடு, பட்டை சரியாக வேலை செய்கிறது என்று சொல்லும். இரண்டாவது, காய்ச்சல் கிருமி இருக்கிறது என்று சொல்லும். வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் இருபது நிமிடத்துக்குள் மூன்றாவது கோடும் வரும். அது மாப்பிள்ளையின் அக்கா மாதிரி, எல்லாரும் வந்த பிறகுதான் வரும் என்பீர்கள். அதற்காகவே உங்கள் வெள்ளை அங்கிப் பையில் எப்போதும் ஒரு சமையலறை டைமர். வீட்டில் டீ கேட்டால்கூட டைமர் வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள் என்று உங்கள் வீட்டுக்காரர் எங்களிடம் புலம்பியதுண்டு. ‘இருபது நிமிஷம் அக்கா’ என்று நாங்கள் வைத்த பெயர் உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும்.

நம் முடிவுச் சீட்டில் ‘போட்ட நேரம்’, ‘பார்த்த நேரம்’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவற்றை நிரப்பச் சலித்துக்கொள்கிறார்கள். அவை எப்படி வந்தன என்று நீங்கள் யாருக்கும் சொன்னதில்லை. இந்த வாழ்த்து மடலை எழுதும் பொறுப்பை எல்லோரும் என்னிடம் கொடுத்துவிட்டதால், இனி ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடியாது.

அன்று பட்டையைப் பார்த்தவள் நான். வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம். வார்டிலிருந்து மூன்றாவது முறை போன் வந்ததும் பொறுமை இழந்து, மூன்றாவது கோடு இல்லை, வழக்கமான மருந்து போதும் என்று எழுதி அனுப்பிவிட்டேன். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு பேருந்து ஓட்டுநருக்கு அந்த மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை நிமிடம் என்று கேட்ட கையோடு, குப்பைத் தட்டிலிருந்த பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். நூலிழைபோல மூன்றாவது கோடு. நேரம் தாண்டித் தெரிந்த கோட்டையும் நீங்கள் நம்பவில்லை. மீதியிருந்த மாதிரியை மறுபடி சோதித்து, இருபது நிமிடமும் நின்றபடியே காத்திருந்து, சீட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினீர்கள். மருந்து மாறியது. பதினொரு நாள் கழித்து அவர் தன் காலால் நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

விசாரணை வந்தது. பதிவேட்டில் ‘பார்த்தவர்’ கட்டம் காலியாக இருந்தது. அதில் உங்கள் பெயரை எழுதினீர்கள். தகுதிகாண் பருவத்தில் இருந்த என் வேலை தப்பியது. உங்கள் பதவி உயர்வு போனது. அடுத்த வாரமே முடிவுச் சீட்டில் அந்த இரண்டு நேரக் கட்டங்களையும் சேர்த்தீர்கள். உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் தலைமைப் பொறுப்பேற்ற காலையில், அவருடைய நாற்காலியைத் துடைத்து வைத்ததும் நீங்கள்தான். நான் பேச வந்த போதெல்லாம், டைமர் ஓடுகிறது, அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிடுவீர்கள். அந்த ‘அப்புறம்’ இன்றுவரை வரவில்லை.

குன்றாத உடல்நலத்தோடும், டைமர் வைக்காமல் போட்ட தேநீரோடும் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். வைரஸ் பரிசோதனைப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரின் கையெழுத்தும் இந்த வாழ்த்தின் கீழே இருக்கிறது.

என் கையெழுத்து மட்டும் இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும். அந்தப் பழைய பதிவேடு நாளை ஆவண அறைக்குப் போய்விடும். நடந்ததைத் தலைமை மருத்துவரிடம் இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவேடு இதோ, இந்த மேசைமேல் இருக்கிறது. இப்போது டைமர் எதுவும் ஓடவில்லை.

எத்தனை நிமிஷம்னு கேட்டீங்க. பன்னெண்டு நிமிஷம், அக்கா. அந்தக் கட்டத்துல உங்க பேர அடிச்சிட்டு, என் பேர எழுத விடுங்க.