கேப்டனுக்குக் கப்பல்ல இடமில்ல

...ரெண்டு வருஷம் சார்! வீடியோ கேம் ஆட ஒரே ஒரு மணி நேரம், அதுக்கு ரெண்டு வருஷமா நாள் பாத்தோம். என் கல்யாணத்துக்கே மூணு மாசத்துல நாள் கிடைச்சுது. வாயை நல்லாத் திறங்க. இன்னும். ஆங், அப்படியே இருங்க, மூடக்கூடாது.

யாரு யாருன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்லிடறேன். ஒண்ணு நான். ரெண்டாவது என் நாத்தனார், ஸ்கூல்ல கணக்கு டீச்சர். மூணாவது காலேஜ் ஹாஸ்டல்ல எங்கூட இருந்தவ, ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்குற டாக்டர். அவளை நாங்க 'மயக்கம்'னுதான் கூப்பிடுவோம். நாக்கை அந்தப் பக்கம் தள்ளுங்க சார்.

ஆட்டம் ரொம்ப சிம்பிள். ஒரு ஓட்டைக் கப்பல். ஒருத்தர் சுக்கான் பிடிக்கணும், ஒருத்தர் பாய்க் கயிறு இழுக்கணும், ஒருத்தர் வாளியால தண்ணி எறைக்கணும். குறைஞ்சது மூணு பேரு வேணும், நாலு பேர் வரைக்கும் ஏறலாம். அவங்கவங்க வீட்டுலேருந்தே ஆடலாம், காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு பேசிக்கலாம். தீவுக்குப் போய்ச் சேந்தா ஜெயிச்சோம்.

ஆனா நேரம்? நான் ஃப்ரீன்னா மயக்கத்துக்கு டியூட்டி. மயக்கம் ஃப்ரீன்னா நாத்தனாருக்குப் பரீட்சைப் பேப்பர். அவ திருத்தி முடிச்சா அவ பொண்ணுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டா யாராவது கன்னத்தைப் புடிச்சிக்கிட்டு இங்க வந்து நிப்பாங்க... உங்களைச் சொல்லல சார். சரி, நீங்களாவது வாங்களேன்னு வீட்டுக்காரரைக் கூப்பிட்டா, 'ஸ்கிரீனைப் பாத்தா கண்ணு எரியுது'ன்னுட்டு டி.வி. பாக்கப் போயிட்டாரு! டி.வி. என்ன ஜன்னலா?

ஒருவழியா ஒருநாள் உக்காந்தோம். சுக்கான் நான். கேப்டன்! யாராவது ஒருத்தர் சொன்னாத்தானே சார் வேலை நடக்கும்? 'இழு'ன்னேன். 'எறை'ன்னேன். வாளியை எப்படிச் சாய்க்கணும்னு கொஞ்சம் விளக்கினேன். அதுக்கு நடுவுல எங்க ரிசப்ஷனிஸ்ட் ஒரே தாத்தா செத்துட்டாருன்னு நாலு தடவை லீவு போட்ட கதை ஞாபகம் வந்துது, அதையும் சொன்னேன். 'பாறை, பாறை'ன்னு மயக்கம் கத்தினாளாம். எனக்குக் கேக்கல. எப்படிக் கேக்கும், நான் பேசிட்டிருக்கேனே!

முழுகிட்டோம்.

அதுக்கப்புறம் எப்ப கூப்பிட்டாலும் ரெண்டு பேருக்கும் நேரமில்ல, நேரமில்ல. பாவம், வேலைன்னு நானும் விட்டுட்டேன். போன மாசம் நாத்தனாருக்குப் போன் பண்றேன், அவ பொண்ணு எடுக்குது. ஆறு வயசு. 'அத்தை, அம்மா இப்ப பேச முடியாது. கப்பல்ல தண்ணி எறைக்கிறாங்க.' 'யார்கூடடி?'ன்னேன். 'மயக்கம் ஆன்ட்டி கயிறு. மாமா சுக்கான்.'

மாமான்னா யாருங்கிறீங்க? எங்க வீட்டுக்காரர்! கண்ணு எரியுதுன்னவர்! கார் கழுவப் போறேன்னு கீழ போன மனுஷன்! செருப்புகூடப் போடாம ஓடினேன். காரு அழுக்கா அப்படியே நிக்குது. பின்சீட்டுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒன்பது தீவு முடிச்சிட்டாங்களாம் சார். நான் இல்லாம. ஒன்பது! எனக்கு அழுகையே வந்துடுச்சு. சிரிக்காதீங்க, பஞ்சு விழுந்துடும்.

'ஏன் என்னைச் சேத்துக்கல?'ன்னு கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழட்டி என் காதுல மாட்டினாரு. அலை சத்தம். 'இடது'ங்கிறா மயக்கம். 'சரி'ங்கிறா நாத்தனார். அவ்ளோதான் பேச்சு. ரொம்ப நேரம் கழிச்சு மயக்கம் மெதுவா சொல்றா, 'வாரத்துல இந்த ஒரு மணி நேரந்தான் யாரும் என்கிட்ட எதுவும் கேக்கறதில்ல'ன்னு. நான் வாயடைச்சுப் போயிட்டேன் சார். ஒரு நிமிஷம்... முழுசா ஒரு நிமிஷம் பேசல!

அப்புறம் மூணு பேரும் கூடிப் பேசி என்னைச் சேத்துக்கிட்டாங்க. வாளி வேலைதான். ஒரே ஒரு கண்டிஷன். வாரம் பூரா சேத்து வச்ச பேச்சையெல்லாம் எங்கயாவது கொட்டிட்டு, வெறும் வாயோட கப்பல் ஏறணுமாம். மாடி வீட்டு வக்கீல்கிட்டதான் ரெண்டு வாரம் கொட்டினேன். இப்ப அவர் கதவே திறக்கறதில்ல.

இருங்க, பஞ்சை எடுத்துடறேன். கொப்பளிங்க. என்ன கேக்குறீங்க... உங்க பல்லா? பல்லுக்கு என்ன சார், இரும்பு மாதிரி இருக்கு! அப்புறம் ஞாயித்துக்கிழமை அதுவுமா எதுக்குப் போன் பண்ணி வரச் சொன்னேனா? அதான் இவ்ளோ நேரம் சொல்லிட்டிருக்கேனே! ஐயையோ, மணி மூணாகப் போவுது, கப்பல் கிளம்பிடும். நீங்க ரொம்ப நல்லாக் கேக்குறீங்க சார். அடுத்த ஞாயிறும் ரெண்டு மணிக்கு... சார்? சார், அது எக்ஸ்ரே ரூம்! வாசல் இந்தப் பக்கம்!