சாமான் அறைக் கள்ளன்

எனக்குக் குதிரை என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஸ்டோவ்னரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் என்னைக் குதிரைக் கள்ளர் கதை சொல்லும் கமலேஸ்வரி அன்ரி என்றுதான் அறிவார்கள். அமெரிக்காவின் மேற்கு எல்லை, சட்டம் இன்னும் போய்ச் சேராத காலம், ஒற்றைக்காது யாக்கோப் என்றொரு கள்ளன், அவன் தலைக்கு விலை. அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. என் யாக்கோப் பாலைவனத்தில் புட்டு அவித்தான். நாகதாளி நிழலில் பாய் விரித்துப் படுத்தான்.

"அன்ரி, அங்கை புட்டுக்குழல் ஆர் குடுத்தது?" என்பாள் சாருகா.

"களவெடுத்தவன். கள்ளன்தானே பிள்ளை."

பிள்ளைகள் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவார்கள். பிள்ளைகள் இல்லாத, கணவரும் போய்விட்ட ஒரு மனுசி அந்த நெருக்கத்துக்காக எதுவும் செய்வாள். நீங்களும் செய்வீர்கள் என்று சொல்லமாட்டேன். நீங்கள் நல்ல பிள்ளைகள்.

2005ஆம் ஆண்டு மாரிக் குளிரில் குகநேசன் வந்தான். என் கணவருக்கு ஒன்றுவிட்ட தமக்கையின் மகன், மூதூர்ப் பொடியன். அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்புவதற்கு முன் முகாமிலிருந்து ஓடிவந்தவன். எனக்கு உள்ளூரப் பெருமைதான். யாக்கோப்பே படியேறி வந்ததுபோல் இருந்தது. வந்த கள்ளன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாமி, சோறு கிடக்கோ?" என்று கேட்டான். அவனுக்குக் குதிரை இல்லை. ரயிலில் பயணச்சீட்டுப் பார்க்க வருபவரைக் கண்டாலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவான். சீருடை போட்ட எவரும் அவனுக்குப் பொலிஸ்.

ஒருநாள் கட்டடத்தைப் பராமரிப்பவர் புகை மணியைச் சோதிக்க வந்தார். குகநேசன் சாமான் அறைக்குள் ஓடி, தொங்கிய குளிர் அங்கிகளுக்குப் பின்னால் அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். ஆள் போனபிறகு தலையை நீட்டினான்.

"போயிட்டாங்களோ மாமி?"

மணி பார்க்க வந்தவர் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத முகம்.

"போயிட்டாங்கள். திரும்பி வருவாங்களாம்," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை யாக்கோப் தானியக் கொட்டிலுக்குள் மூட்டையைக் கட்டிப்பிடித்து நின்றான். கடைசி வரிசையில் மதுசன் பிஸ்கற்றைக் கடிக்க மறந்து வாயில் வைத்துக்கொண்டே இருந்தான். அதுவரை என் கதைக்கு எவரும் பிஸ்கற்றை மறந்ததில்லை. அதற்குப் பிறகு தபால்காரி பொலிஸ் ஆனாள். கீழ்வீட்டுக்கு மெத்தை இறக்க வந்தவர்களும் பொலிஸ். நான் அலுப்பு, பஞ்சி பார்க்கவில்லை.

அவனை நன்றாகவே வைத்திருந்தேன். இடியப்பமும் சொதியும், கிழமைக்கு இரண்டு நாள் மீன். கதவைப் பூட்டியதே இல்லை. திறப்புச் சாவி உள்பக்கம்தான் கிடந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எனக்காகச் சொல்வதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

ஊரில் அவனுக்கு மனைவி இருந்தாள், துசாந்தினி. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டை போட்டு அவளோடு கதைப்பான். "விசா கிடைச்சதெண்டா முதல் வேலை, அவளைக் கொழும்புக்கு எடுக்கிறது மாமி. அங்கையிருந்து இஞ்சை கூப்பிடலாம்." வேறு பேச்சே கிடையாது. யாக்கோப்புக்கும் நான் ஒரு மனைவியை வைக்கவேண்டியதாயிற்று.

அடுத்த சித்திரையில் அவனுடைய சட்டத்தரணி என் வீட்டுக்கு அழைத்தார். ஊரில் மறுபடி சண்டை மூள்வதால் அவன் வழக்கைத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள், வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது, மனைவியையும் அழைக்கலாம், உடனே வரச்சொல்லுங்கள் என்றார். மனுசனுக்குக் குரலிலேயே சந்தோசம். குகநேசன் என் முன்னால் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நொஷ்க்கில், அதுதான் நோர்வே மொழியில், அவனுக்கு நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும்.

"ஆர் மாமி?"

"பல்லு டொக்டர். எனக்கு."

யோசித்துப் பாருங்கள். யாக்கோப் அப்போதுதான் மலைக்கணவாயில் பதுங்கியிருந்தான், கீழே குதிரைக் குளம்புச் சத்தம். வருகிற சனிக்கிழமை போய், அவனுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது பிள்ளைகளே, எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ என்றா சொல்வது? குகநேசன் சுவீடன் பக்கம் போய்விட்டதாகச் சட்டத்தரணியிடம் சொன்னேன். கோடை விடுமுறை முடிந்ததும் பையனிடம் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்திருந்தேன். நான் சொன்ன சொல் தவறாதவள்.

விடுமுறை முடிவதற்குள் சண்டை மூதூருக்கு வந்துவிட்டது. துசாந்தினியின் தொலைபேசி சில நாள் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அடிக்கவும் இல்லை. சனத்தோடு நடந்து வருகிற வழியில் அவள் மேல் செல் குண்டு விழுந்ததாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். குகநேசன் சாமான் அறையில் வாய்க்குள் துவாயைத் திணித்துக்கொண்டு அழுதான், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல். அது நான் பழக்கியது.

விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கிய முதல் சனிக்கிழமை யாக்கோப்பும் மனைவியை இழந்தான். சாருகா விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன், கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். சித்திரையிலேயே சொல்லியிருந்தால் அவளைக் கொழும்புக்கு எடுத்திருப்பான் என்பீர்கள். கொழும்பிலும் குண்டு வெடித்ததுதானே.

அந்த ஆண்டு மாரியில் அவனுக்குத் தாடை வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துவிடுவார்கள் என்று சொல்லி, கராம்பு வைத்துக் கட்டிவிட்டேன். காய்ச்சல் ஏறியது. நான் வகுப்புக்குப் போயிருந்த நேரம் அவன் தானே கீழே இறங்கி, செம்மஞ்சள் அங்கியோடு பனி தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறான், விலங்கு போடட்டும் என்று. அந்த மனிதர் முகத்தைப் பார்த்துவிட்டு அம்புலன்சைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் சட்டத்தரணியின் பெயரைச் சொன்னானாம். மிச்சத்தை அவர் சொல்லியிருக்கிறார்.

உடுப்பு எடுக்க வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எப்ப தெரியும், மாமி?"

"சித்திரையிலை."

அன்று நான் பொய் சொல்லவில்லை. அவன் அங்கிகளுக்கிடையில் தன் சட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது லில்லெஸ்ட்ரோமில் தனியாக இருக்கிறான். வேலையும் உண்டு. ஆனால் ஆராவது மணி அடித்தால் கதவு திறப்பதில்லையாம், படுக்கையை விட்டுவிட்டுச் சாமான் அறைக்குள் போய்த்தான் படுக்கிறானாம். கேட்க மனம் பொறுக்கவில்லை. இப்படியொரு பயத்திலிருந்து அந்தப் பிள்ளையை நான் ஒரு வருடம் முழுக்கக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறேன்.