சுத்தியலுக்கு முன்னால் ஒரு காபி நிறக் கல்

ஹலோ… ஹலோ, வால்மிர்? நான்தான், இவோனி. கேக்குதா?… பொண்டாட்டி குரல் கூடவா தெரியல? யோவ், குழியை விட்டு மேல ஏறி அந்த மாமரத்தடிக்கு வா, அங்கதான் லைன் கிடைக்கும்…

ஆங், இப்போ கேக்குது. டாக்டரம்மா வந்திருக்காங்க… மார்லி டாக்டர்யா. ஊசி போடறவங்க இல்ல, கல்லு பாக்கறவங்க! போன மாசம் குழியில நீ எடுத்த நாலு கல்லையும் வாங்கிட்டுப் போய் அளந்துட்டு, சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தாங்கல்ல, அவங்கதான். நம்ம சாப்பாட்டுக் கடையில என் எதிர்ல உக்காந்திருக்காங்க. வச்ச சோறும் பீன்ஸும் ஆறிப் போச்சு, தொடவே இல்ல. காகிதத்தைக் காட்டிக் காட்டிப் பேசறாங்க…

ஆமா… ஆமா ஆமா, கணக்குப் போட்டு முடிவு வந்துருச்சு. குறுக்க பேசாதய்யா. அந்தப் பெரிய கல்லு இருக்குல்ல, உள்ள கறுப்புப் புள்ளியோட? அது பூமிக்கு அடியில அறுநூறு கிலோமீட்டர்ல உண்டானதாம்!… ஆறு இல்ல, அறுநூறு! இங்க நம்ம ஊரு ஜுயினாவுலேர்ந்து குயாபா பட்டணத்துக்கு விடிய விடிய பஸ்ல போறோமே, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம், நேரா கீழ… மத்த ஊர் வைரமெல்லாம் நூத்தம்பது, இருநூறுலயே உண்டாயிருதாம்…

அந்தப் புள்ளிதான்யா சாட்சி. அந்தப் பொருளு மேல எங்கயும் உண்டாகாதாம், அங்க இருக்கற அழுத்தம் வேணுமாம். வைரம் அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே மேல வந்திருக்கு, இன்னிக்கு வரைக்கும் பிடியை விடல. அந்த இறுக்கத்தை அளந்துதான் ஆழத்தைச் சொல்றாங்க. இன்னொரு தரம் அளக்கணுமாம். அதுக்குக் கல்லு முழுசா வேணும்…

பின்னால யாரு சிரிக்கறது? உன் கூடக் குழி தோண்டற ஒனோஃப்ரேயா?…

என்னது?… இரு, இரு, மெதுவாச் சொல்லு… பட்டறைக்கல்லு மேல வச்சு?… சுத்தியலால?… நீயேவா?… ஐயோ. ஐயோ வால்மிர்…

எப்போ?… காலையிலயே?…

வைரம்னா உடையாதுன்னு அவன் சொன்னா, உடனே அடிச்சுக் காட்டிருவியா? குழியில இருக்கற அத்தனை பேரும் இதையே நம்பித் திரியறீங்க!… சரி, கேலி பண்ணான். சனிக்கிழமையிலேர்ந்து கேலி பண்ணான். அதுக்கு?…

டாக்டரம்மா, ஒரு நிமிஷம்… உடைச்சுட்டாராம்… ஆமாங்க, பெரிசைத்தான்… வால்மிர், அவங்க தலையில கை வச்சுட்டாங்கய்யா.

என்ன? கூழாங்கல்லுதானே, போனா போகட்டுமா? உடைஞ்சதால அது வைரம் இல்லன்னு எவன் சொன்னான்? வைரத்துல கீறல் போடத்தான் முடியாது, ஓங்கி அடிச்சா செதறிரும். நீ உடைச்சது வைரம்தான்… சத்தியமா. டாக்டரம்மாவே சொல்றாங்க… துண்டைப் பொறுக்கி என்ன செய்ய? இறுக்கம் விட்டதும் புள்ளி வேற எதுவாவோ மாறியிருக்குமாம்…

சரி, சரி, போனது போச்சு. சின்னது ஒண்ணு இருக்குல்ல, காபி நிறத்துல? அதுக்குள்ளயும் அதே புள்ளிதானாம், அதே ஆழமாம். அது எங்க?… எங்கன்னு கேக்கறேன்ல!… ஒனோஃப்ரேகிட்டயா? அடுத்ததா அதையா?…

ஓடு! போனை வைக்காத, பிடிச்சுக்கிட்டே ஓடு!… டேய் ஒனோஃப்ரே! கேக்குதாடா? சுத்தியலைக் கீழ போடுடா, எருமை!… வால்மிர்?… என்ன சத்தம் அது?… வால்மிர்!

…எடுத்துட்டியா? முழுசா இருக்கா?… ஒரு சில்லு கூடப் போகலையே?… அப்பாடா. பாக்கெட்டுல போடாத, பிடுங்கிருவானுங்க. வாயில போடு… ஆமாய்யா, வாயில! என்னமோ புதுசாக் கேக்கறே. நல்ல கல்லு கிடைச்சா நீங்க எல்லாரும் அங்கதானே ஒளிக்கிறீங்க?… போட்டியா? ‘ம்’னா போதும்… சரி. முழுங்கிடாத. அப்படியே மோட்டார் சைக்கிள்ல ஏறி வா.

இரு, வைக்காத. உன்னால இப்போ திருப்பிப் பேச முடியாதுல்ல, நல்லதாப் போச்சு. கேளு. இருபத்திரண்டு வருஷமா உன்னை ‘கூழாங்கல்லு வால்மிர்’னுதான் கூப்பிடறானுங்க. வாங்க வர்ற ஒவ்வொருத்தனும் உன் கல்லை அழுக்குன்னு தள்ளி வச்சான். நானும்தான்… நானும் ஒரு நாள் சந்தையில எல்லார் முன்னாலயும் சேர்ந்து சிரிச்சேன். அன்னிக்கு நீ சாப்பிடாமப் படுத்தே, பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். தப்புதான்யா. இப்போ அந்த அழுக்குதான் வேணும்னு ஒரு அம்மா அவ்வளவு தூரம் வந்து உக்காந்திருக்கு. காகிதத்துல கல்லு எடுத்தவர்னு உன் பேரைப் போட்டிருக்காங்க, முழுப் பேரு…

வால்மிர்?… ஏன்யா மூச்சு அப்படி வாங்குது?… அழறியா?…

அழு. நல்லா அழு. வாயை மட்டும் திறந்துடாத.