கருங்காலி மாலை

கம்ப எதுக்குத் தம்பி தூக்குற, கீழ வையி. துண்டுக்குள்ள இருக்கது கல்லு இல்ல, சோத்து டப்பா. வேணும்னா தொறந்து பாத்துக்க. புளிச்சோறும் அவிச்ச முட்டையும். உள்ள எம்மக இருக்கா, அவளுக்கு.

நான் கைய ஆட்டி ஆட்டித்தான் பேசுவேன், வெரல நீட்டுவேன், தப்பா எடுத்துக்கிடாத. உன்னயத் திட்டல. ரோட்டுக்கு அங்கிட்டு எங்க பந்தல் இருக்குல்ல, சனம் பூராம் இங்கிட்டுத்தான் பாக்குது. சங்கச் செயலாளர் கேட்டுல போயி கம்பெனிக்காரன வாங்கு வாங்குன்னு வாங்குறாருன்னு அதுக நெனைக்கணும். நீயும் ரெண்டு தரம் தலைய ஆட்டு. அப்புடி இல்ல, முடியாதுங்கிற மாதிரி. ஆங், அதுதான்.

அய்யாவெல்லாம் வேணாம், அது உள்ள ஏசியில இருக்கவங்களுக்கு. அண்ணேன்னு கூப்புடு. பேரு சோலை. நீ புது வாட்ச்மேன், தெரியாது. இதே சட்டைக் கம்பெனியில துணி வெட்டுற கட்டிங் மாஸ்டரா இருந்தவன். சங்கம் ஆரம்பிச்சேன், வெளிய தள்ளுனாங்க. அன்னையில இருந்து இந்தக் கேட்டுக்கு வெளியதான் எனக்கு வேல. பெருசாப் படிக்கல. நோட்டீசு படிச்சுப் படிச்சே தமிழு வந்துச்சு, பெறகு நானே எழுத ஆரம்பிச்சேன். மேலூர்ல இருந்து கோச்சடை வரைக்கும் செவுத்துல எம்மெழுத்து இருக்கும், பாத்திருப்ப.

எதுக்குப் போராட்டம்னே தெரியாமத்தான் நிக்கிறியா. சரியாப் போச்சு. முத்துமீனான்னு ஒரு பொம்பள, காலர் தைக்கிறவ. மிஷின் ஊசி வெரல்ல ஏறி நகத்துக்குள்ளயே ஒடிஞ்சு நின்னுருச்சு. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னா, ஷிப்ட்டு முடியட்டும்னான் சூப்பர்வைசர். எதுத்துக் கேட்டுட்டா. மறுநா வந்து கார்டத் தேச்சா, கதவு தொறக்கல. அவள உள்ள எடு. அம்புட்டுத்தான் எங்க கோரிக்கை. அதுக்குத்தான் லைன்ல இருந்த பொம்பளைக பூராம் வெயில்ல உக்காந்திருக்கு.

ஆனா மிஷின் சத்தம் கேக்குது பாரு. ஆளு பூராம் வெளிய, மிஷினு உள்ள ஓடுது. ஆமா, ஸ்கூல் பிள்ளைகதான். பிளஸ் டூ. அதுல ஒண்ணு எம்மக. முனீஸ்வரி. நான் வேற பேரு வைக்கணும்னேன், அவ அம்மா குலசாமி பேருதான்னுட்டா. அங்கயும் நான் தோத்தேன்.

தையல் குரூப்பான்னு கேக்காத, எனக்குக் கோவம் வரும். நெசவியலும் ஆடை வடிவமைப்பும். அதான் பாடத்தோட பேரு. பத்தாவதுல நல்ல மார்க்கு, டாக்டர் குரூப்பே குடுக்குறேன்னாங்க. வேண்டான்னுட்டா. நூலப் பிரிச்சுப் பாத்தே இது எந்தத் துணி, தண்ணியில போட்டா சுருங்குமா, சாயம் போகுமான்னு சொல்லுவா. கடைசி வருசம் ஒரு பொருள அதுகளே யோசிச்சு, வரைஞ்சு, வெட்டி, தச்சு வைக்கணும். மத்த பிள்ளைக கைப்பை, தலையணை உறைன்னு செய்யுது. இவ வெரலுக்கு உறை செய்யிறா. மிஷின்ல தைக்கிறவங்களுக்கு. நகத்துக்கு மேல மட்டும் கான்வாஸ் துணி, ரெண்டு மடிப்பு. அடியில வெரலு மூடாம இருக்கணுமாம். இல்லேன்னா துணி வழுக்குறது கையிக்குத் தெரியாதாம். எனக்கு இம்புட்டு வருசத்துல அது தோணல. முத்துமீனாவ வீட்டுக்குக் கூப்புட்டு, கட்டுப் போட்ட வெரலுக்குப் பக்கத்து வெரல அளவெடுத்துத்தான் வரைஞ்சா.

அந்தத் தடிப்புக்கு ஸ்கூல்ல இருக்க பெடல் மிஷின் தாங்கல, ஊசி ஒடியுது. கம்பெனி மிஷின்லதான் தைக்கணும். அதோட பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. இத்தன நாளு கம்பெனிக்குள்ள இந்தப் பிள்ள வேல பாத்துச்சுன்னு இவங்க சர்டிபிகேட் குடுக்கணும். அது இல்லேன்னா பிராக்டிகல் மார்க்கு இல்ல. அது இல்லேன்னா பிளஸ் டூ பெயிலு. தேதியத் தள்ளி வைங்கன்னு மனு எழுதிக்கிட்டு ஸ்கூலுக்கு நானே போனேன். வெளியில இருந்து பரீட்சை வைக்க வாறவங்க தேதி வந்துருச்சாம், ஒண்ணும் பண்ண முடியாதாம். இங்க என்னடான்னா, காலையில பூராம் எங்க ஆர்டரத் தையி, சாயந்தரம் உன் பொருளத் தச்சுக்கங்கிறான்.

சிரிக்காத. படிக்கிற பிள்ளைகளப் பயிற்சிக்கு உள்ள விடுன்னு இதே எடத்துல உண்ணாவிரதம் இருந்தவன் நான்தான். நோட்டீசும் போட்டேன். படிக்கிற கைக்கு மிஷினக் குடு. நான் எழுதுனதுலயே நல்ல தலைப்பு அது. ஜெயிச்சோம். எம்மகளுக்குத்தான் ஜெயிச்சேன்னு அப்பத் தெரியல.

தலைய ஆட்டு, தலைய ஆட்டு. பந்தல்ல எங்க சங்கத்து அழகுபாண்டி எந்திரிச்சுப் பாக்குறான்.

கழுத்துல என்ன, கருங்காலி மாலையா. அதப் போட்டதுக்கப்புறந்தான் இந்த வேல கெடச்சுச்சா. சரித்தான். இப்ப மதுரையில எவன் கழுத்தப் பாத்தாலும் அதுதான் தொங்குது. எங்ககிட்ட அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். ஊரே வேலைய நிறுத்திட்டு வெளிய நிக்கிறப்ப உள்ள போயி மிஷின் ஓட்டுறவன் இருக்கான் பாரு, அவந்தான் கருங்காலி. அந்தப் பட்டத்த வாங்கிட்டா அவன் கூட எவனும் டீ குடிக்க மாட்டான். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக மாட்டோம். ஆம்பள பொம்பள, சின்னது பெருசு பாக்குறது இல்ல. அப்புடி நான்தான் சட்டம் போட்டேன். எதுத்தாப்புல செவுத்துல செவப்பா எழுதியிருக்கு பாரு, கருங்காலிகளை அடையாளம் காண்போம்னு. கீழ எடம் விட்டிருக்குல்ல, அது பேரு எழுத. உள்ள போன பிள்ளைக யாரு யாருன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க. தெரிஞ்சதும் நான்தான் எழுதணும். எழுத்து நல்லாருக்கும்னு.

எம்மக மேலூர்ல அம்மாச்சி வீட்டுல இருக்கான்னு பந்தல்ல சொல்லி வச்சிருக்கேன். முத்துமீனா கூடக் கேட்டா, பாப்பா வெரல் உறையத் தச்சு முடிச்சிருச்சாண்ணேன்னு.

நேத்து சாப்புடுறப்ப இவ கேக்குறா, அப்பா நான் போகவா வேணாமா, நீங்களே சொல்லுங்கன்னு. எத்தன பேருக்கு வழி சொன்ன வாயி. அவ தட்டுல இன்னும் ரெண்டு கரண்டி சோத்த வச்சேன்.

எப்புடி உள்ள வந்துச்சுகன்னு உனக்கே தெரியாதா. முன்னாடி கேட்டுல நாங்க நிக்கிறோம், வேனு வந்தா மறிச்சிருவோம். பின்னாடி கண்மாய்க் கரைப் பாதையில முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிருந்தோம். அங்கன காவலுக்கு நம்பிக்கையான ஆளு வேணும்னு என்னயத்தான் போட்டாங்க. இன்னைக்கு விடியக்கால நானே முள்ள இழுத்து ஓரமாப் போட்டுட்டுத் திரும்பி நின்னுக்கிட்டேன். எம்பிள்ளைய மட்டும் விட்டா அது துரோகமில்லையா. அதான் எல்லாத்தையும் விட்டேன்.

மொகத்த அப்புடி வைக்காத, பந்தல்ல பாக்குறாங்க. டப்பாவ வாங்கி அந்தக் கூண்டுக்குள்ள வையி, பெறகு குடுத்துக்கலாம். லைன்ல நாலாவது மிஷினு. முத்துமீனா உக்காந்திருந்த மிஷினு. இப்ப நான் கோசம் போட்டுக்கிட்டேதான் திரும்பிப் போவேன், நீ பயந்துறாத.

அப்பறம், டப்பாவுக்கு அடியில ஒரு பொட்டலம் இருக்கும். உன் கழுத்துல கெடக்குற மாதிரிதான். பரீட்சைக்கு ராசின்னு கூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் போட்டிருக்காம், ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தா, நான் கத்திவிட்ருவேன். நேத்து அழகர்கோவில் போயி வாங்கிட்டு வந்தேன். போட்டுக்கச் சொல்லு. சட்டைக்கு உள்ள போடச் சொல்லு, வெளிய தெரிய வேணாம்.