அவருடைய எட்டாயிரம் அடிகள்

இந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது காதில் விழுந்தது, மேடம். என் கல்லீரலில் பாதியைக் கணவருக்குக் கொடுக்க மனப்பூர்வமாகச் சம்மதமா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டீர்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் உறுப்பு தானக் குழுவின் முன் கையெழுத்துப் போடத்தான் ஆவடியிலிருந்து காலையிலேயே கிளம்பி வந்தேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேமரா ஓடட்டும்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மருத்துவ முகாமில், என் கணவர் கஜபதிக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். குடிப்பழக்கம் கிடையாது. சர்க்கரை உண்டு, தொப்பை உண்டு. கல்லீரல் லேசாக இறுக ஆரம்பித்திருக்கிறது, இப்போதே கவனித்தால் திரும்பிவிடும் என்றார் டாக்டர். தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், பத்து கிலோ குறைய வேண்டும். அதுதான் முக்கியமான மருந்து என்றார். அதே முகாமில் எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கும் கொழுப்பு இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் மதிவதனி, அவர் போனில் அடிகளை எண்ணும் ஆப்பை ஏற்றிக்கொடுத்தாள். ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி. அவள் அங்கிருந்தே பார்ப்பாள். நான்கு நாள் நடந்தார். ஐந்தாம் நாள் காலை கட்டிலை விட்டு எழவில்லை.

"எட்டு மணி நேரம் மிசின்கிட்ட நின்னுகினுதான கீறேன் பானு. இதுக்கு மேல இன்னா நடை?"

"பாப்பா கேப்பாளே மாமா."

"நீ காய் வாங்கத்தான போற? போன எடுத்துகினு போ. அதுக்கு இன்னா தெரியும், யார் காலுன்னு."

இடுப்பில் போனைச் செருகிக்கொண்டு, காய் வாங்கும் முன் அவர் நடந்த பருத்திப்பட்டு ஏரிக்கே போனேன். அன்று மாலை மகள் அழைத்தாள். "நைனா, இன்னிக்கு ஆறாயிரந்தானா? ஏரி இன்னா சுருங்கிப்போச்சா?" அவர் சிரித்துக்கொண்டே நாளைக்குச் சரிக்கட்டிவிடுவதாகச் சொன்னார். மறுநாள் நான் சரிக்கட்டினேன்.

இதுவரை உள்ளதை அவர் குற்றம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கல்யாணமான நாளிலிருந்து நான் எங்கே போனாலும் எதற்காவதுதான் போனேன். ரேஷனுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மாமியாரின் ஆஸ்பத்திரிக்கு. ஏரிக்கரையில் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றில்லை. சுற்றி வந்தால் புறப்பட்ட இடம்தான். அது எனக்கு எவ்வளவு பிடித்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது கூடவே வருவார்கள். அவருக்காக நடக்கிறேன் என்பதால்தான் அந்த நேரத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் இளைத்தேன். மூச்சு வாங்குவது நின்றது.

இரண்டாம் வருடம் ஒருநாள் காலை அவர் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்யும் வேம்புலிக்கு இதே நோய் முற்றிவிட்டதாம். பயந்திருந்தார்.

"நானும் வரேன் பானு. மெதுவா நடக்கறேன்."

"முட்டி நோவுதுன்னு நேத்து ராத்திரி யார் மொனகினது? போய்ப் படு மாமா. போனக் குடு."

கொடுத்துவிட்டார். மறுநாளும் கேட்டார், அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் எழுந்திருப்பதற்குள் நான் கிளம்பிவிட்டேன். அந்த வாரமே ஷூவைக் காயலான் கடைக்காரரிடம் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டேன். எலி கடித்துவிட்டது என்றேன். புதிது வாங்கித்தா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒவ்வொரு முறையும் போனைப் பார்ப்பார். இவ்வளவு நடந்தும் எடை இறங்கவில்லையே என்று மாத்திரையை மாற்றுவார். ஒருமுறை, "நிஜமாவே இவர்தான் நடக்கிறாராம்மா?" என்று என்னைக் கேட்டார். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. "ஒரு நாள்கூட விடறதில்ல சார்" என்றேன். வெளியே வந்ததும் அவர், "நல்லா சமாளிச்ச" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

போன பொங்கலுக்குப் பிறகு வயிற்றில் நீர் கட்டியது. பங்குனியில் இரத்த வாந்தி. இனி நடந்து பயனில்லை, மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி, அதுவும் சில மாதங்களுக்குள் என்றார்கள். மகளுடைய இரத்தப் பிரிவு சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், இந்த வயதில் இவ்வளவு சுத்தமான கல்லீரலைப் பார்ப்பது அபூர்வம் என்றார். மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கொடுக்கிறேன் என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். கண் மஞ்சளாக, குரல் இறங்கிப்போய் இருந்தார். ஆனாலும் அவருக்கு விளையாட்டு.

"அத்தினியும் என் பேர்ல நடந்ததுதான? பாரேன், என்கிட்டயே வந்து சேருது."

சிரித்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் பஸ்ஸில் வரும்போதும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிழைக்கக் கூடிய மனிதரை நானே பிடித்து உட்கார வைத்தேன், பாதியைக் கொடுப்பதுதான் நியாயம் என்று உங்களைவிட எனக்குத் தெரியும். தெரிந்தும் கை வரவில்லை, மேடம். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த நடை ஒன்றுதான், அதையும் அவர் பேரில் எழுதிக்கொடுக்க முடியவில்லை. அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு விருப்பமில்லை என்றால், கடைசிப் பரிசோதனையில் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்வீர்களாம். நர்ஸ் சொன்னார். அப்படியே சொல்லிவிடுங்கள். மகள் கேட்டால் நானும் அதையே சொல்வேன்.

கேமராவைப் பார்த்து ஒருமுறை தெளிவாகச் சொல்ல வேண்டுமா? சரி. என் பெயர் பானுப்பிரியா. எனக்குச் சம்மதமில்லை.